பால்சுறாவை விலக்கிய தபசுக்காலம்

அன்று நான் நோன்பை முறித்தது என் பிள்ளைக்காகவா, அல்லது பிள்ளை இன்னொருத்தி மடியில் பசியாறியதைப் பொறுக்க முடியாமலா? ஏழு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் பிள்ளைக்காகத்தான் என்று தோன்றும். மறுநாள் அடுப்பு முன்னால் நிற்கும்போது, இல்லை, நீ உனக்கே பொய் சொல்லிக்கொள்கிறாய் என்று தோன்றும். நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்த்தால் ஏதாவது தெளியுமா என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு இருபத்தொரு வயது முடிந்திருந்தது. மகள் பிறந்து ஐந்து மாதம். என் வீட்டுக்காரர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற பாய்மரத் தோணியில் வேலை பார்ப்பவர். காற்றும் வாய்த்து, திரும்பி வரும்போது ஏற்றுவதற்குச் சரக்கும் கிடைத்தால் மூன்று வாரத்தில் வீடு வந்துவிடுவார். அந்தத் தடவை, தபசுக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு ஆறு நாள் முன்னால் பாய் விரித்தார்கள். அவர் போன இரண்டு மூன்று நாளில், சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்துவிட்டது என்று சேதி வந்தது. கடலுக்கு அடியில் ஓடுகிற கப்பல்கள் இந்தப் பக்கமும் வந்துவிட்டன என்று துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் நானும் பிள்ளையும் மாமியும்தான். மாமி என் வீட்டுக்காரரின் தாய். காலையில் பூசைக்குப் போவார். மத்தியானம் எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய், வந்து சேர்ந்த தோணிக்காரர்களிடம் மகனைப் பற்றி விசாரிப்பார். சாயங்காலம் மறுபடியும் கோயில். நல்லவர்தான். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. என் தாய் நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். கன்னியர் மடத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்தவள் என்பதால் தெருப் பெண்கள் என்னிடம் கடிதம் எழுதிக்கொள்ள வருவார்கள். எழுதி முடித்ததும் எழுந்துவிடுவார்கள். உட்கார்ந்து பேசுவதற்கு வேறு வீடுகள் இருந்தன.

விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு முழந்தாளில் இருந்தேன். நோன்பு இருக்கிறவன் அதை ஊருக்குக் காட்டக் கூடாது, முகம் கழுவித் தலை வாரி எப்போதும் போல இருக்க வேண்டும், பார்க்க வேண்டியவர் பார்த்துக்கொள்வார் என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். பிறகு ஒருசந்திக் கடமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று சொன்னார். ஒருசந்தி என்றால் அந்த நாளுக்கு ஒரே ஒரு முழுச் சாப்பாடு. இருபத்தொரு வயது முடிந்தவர்கள் எல்லாரும் அதை அனுசரிக்க வேண்டும். நோயாளிகள், கடின வேலை செய்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார் நீங்கலாக என்றார்.

அந்த ‘நீங்கலாக’ எனக்கு உறைத்தது. அந்த வருஷம்தான் எனக்குக் கடமை வயது வந்தது. என் புருஷன் கடலில் இருக்கிறார். கோயிலில் இருந்த பெண்கள் எல்லாரும் யாராவது ஒருவருக்காக எதையாவது ஒப்புக்கொடுக்கப் போகிறார்கள். நான் மட்டும் மூன்று வேளையும் தின்றுகொண்டு சும்மா இருக்க வேண்டுமா? திருச்சபை விலக்குத் தந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஞானோபதேச வகுப்பில் அதைச் சரியாகச் சொல்லிப் பரிசு வாங்கியவள் நான். தெரிந்துதான் செய்தேன்.

உயிர்ப்புத் திருநாளாகிய பாஸ்கு வரைக்கும் நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பதாக அங்கேயே நேர்ந்துகொண்டேன். அது போதாது என்று பட்டது. இறைச்சியை விலக்குகிறேன் என்று எங்கள் தெருவில் யார் சொன்னாலும் சிரிப்புத்தான் வரும். இறைச்சி எங்களுக்குக் கிறிஸ்மசுக்கும் கல்யாணத்துக்கும்தான். வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லாத சுத்தபோசனம் என்று சொல்லிக்கொண்டு சீலாமீன் குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிறவர்கள் நாங்கள். அதில் என்ன ஒறுத்தல்? ஆகவே மீனையே விலக்குவதாகவும் நேர்ந்துகொண்டேன். கடற்கரைக்காரி கடவுளுக்குக் கொடுக்கிறதென்றால் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்தால் குசினியில் மாமி பால்சுறாவை அவித்துத் தோலுரித்துக்கொண்டிருந்தார். பால் கொடுக்கிற பெண்களுக்கு எங்கள் பக்கத்தில் அதைத்தான் கொடுப்பார்கள். அவித்த சதையை உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் மிளகும் போட்டுப் புட்டாகக் கிளறுவார்கள். இரண்டு வாய் தின்றால் பால் ஊறும் என்பார்கள். பிள்ளை பிறந்ததிலிருந்து மாமி எப்படியாவது வாரத்துக்கு நாலு நாள் அதைக் கிளறிவிடுவார்.

தட்டை என் முன்னால் வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போனார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நோன்பை வெளியே காட்டக் கூடாது. சாப்பாட்டைக் கொட்டவும் மனமில்லை.

எங்கள் புறவாசல் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா குடியிருந்தார். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரர். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அக்காவுக்கும் கைப்பிள்ளை, என் மகளுக்கு ஒரு மாதம் மூத்த பையன். தட்டைச் சுவருக்கு மேலாக நீட்டினேன்.

"என்னளா இது, விருந்து?"

"எனக்குக் கவிச்சி ஒத்துக்கல அக்கா."

"கடக்கரைக்காரிக்குக் கவிச்சி ஒத்துக்கலையா? நல்லாருக்கு கத. நாளைக்கு மீனு வந்து எனக்குத் தண்ணி ஒத்துக்கலங்கும்."

சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். மாமி வந்ததும், "ஏளா, தின்னியா?" என்றார். "தின்னுட்டேன் மாமி" என்றேன். அதுதான் முதல் பொய். பிறகு தட்டு வந்த நாளெல்லாம் அதே கேள்வி, அதே பதில். காலையில் மாமி பூசையிலிருந்து வருவதற்கு முன்னால் நான் சாப்பிட்டுவிட்டதாக அவர் நினைத்துக்கொள்வார். இரவில் பிள்ளையைத் தூங்கவைக்கிறேன் என்று உள்ளே போய்விடுவேன். மத்தியானம் மட்டும் சோறும் ரசமும்.

முதல் வாரம் இனிப்பாக இருந்ததை மறைக்க மாட்டேன். வயிறு சுருக்கென்று இழுக்கும்போதெல்லாம் அவருக்காக மாதாவிடம் ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லுவேன். பசியே செபத்துக்கு மணி அடிக்கிற மாதிரி இருந்தது. உடம்பு லேசாக, மனசு துடைத்து வைத்த மாதிரி. அவர் எந்தக் கடலில் இருந்தாலும் நான் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நம்பினேன்.

இரண்டாவது வாரத்தில் அந்த இனிப்புப் போய்விட்டது. செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் எண்ணெய் காய்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் என் பக்கத்தைக் காப்பாற்றுகிறேன், நீர் உம் பக்கத்தைக் காப்பாற்றும் என்று ஆண்டவரிடம் பேரம் பேசுவதாக ஆகிவிட்டது என் செபம். பதில் இல்லை. கடிதமும் இல்லை. மாமி கடற்கரையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே ஒன்றும் சேதி இல்லை என்று தெரிந்துவிடும். முன்பு நான் தனியாக இருந்தேன், அவ்வளவுதான். இப்போது தனிமைக்கு ஒரு ரகசியத்தையும் காவல் வைத்துவிட்டேன். யாராவது இரண்டு வார்த்தை கூடப் பேசினால் வெளியே வந்துவிடுமோ என்று நானே விலகிப் போனேன்.

பால் குறைந்தது எந்த நாள் என்று சொல்ல முடியவில்லை. பிள்ளை நாலு இழுப்பு இழுக்கும். விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கும். மறுபடியும் இழுக்கும். பிறகு அழும். அழுகை நாளாக நாளாகக் கூடியது. கண்ணேறு என்று மாமி பிள்ளையின் நெற்றியில் தீர்த்தம் தடவினார். சோற்றுக் கஞ்சியை வடித்துத் துணியை நனைத்து வாயில் வைத்துப் பார்த்தோம். அதைக் குடித்தால் வயிற்றால் போனது. தொடையில் தோல் மடிப்பு விழுந்தது. மாமி சுறாவைத் தேடி அலைந்து வாங்கி வந்து தினமும் கிளறினார். தட்டும் தினமும் சுவரைத் தாண்டிப் போனது.

எனக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்தது. பிள்ளையின் அழுகையை நான் சோதனை என்று எண்ணிக்கொண்டேன். நோன்பிருக்கிறவளை வீழ்த்த வருகிற சோதனை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. நான் நோன்பை விட்டால் அவர் கடலில் போய்விடுவார், விடாவிட்டால் பிள்ளை இளைக்கும். பிள்ளைக்கு இன்னும் சில நாள் தாங்கும், பாஸ்கு வரட்டும் என்று கணக்குப் போட்டேன். தாங்கும் என்று எனக்கு யார் சொன்னது?

மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு மத்தியானம் பிள்ளை அழவில்லை. தொட்டிலில் கண்ணைப் பாதி மூடிக் கிடந்தது. தூக்கினால் தலை என் தோளில் விழுந்தது. வழக்கம் போலத் தட்டை எடுத்துக்கொண்டு, மறு கையில் பிள்ளையோடு சுவரருகே போனேன். அக்கா தட்டைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தார். கொடியில் போட்டிருந்த சேலையைக்கூட எடுக்காமல் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். என் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிப் புறவாசல் படியில் உட்கார்ந்து மார்பில் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விழுங்குகிற சத்தம் கேட்டது. என்னிடம் அந்தச் சத்தம் நின்று பல நாளாகியிருந்தது.

"எத்தன நாளா இப்பிடிக் கெடக்கு?"

நான் சொன்னேன். நேர்ச்சையையும் சொல்லிவிட்டேன். முதன்முதலாக அந்த ரகசியத்தைக் கேட்டவர் எங்கள் வேதத்துக்காரர் அல்ல.

அக்கா பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டார். "ஏளா, நாங்களும்தான் வெரதம் இருக்கோம். நேந்துக்கிட்டவ நீ. நீ பட்டினி கெட. இந்தச் சிறுக்கி எந்தச் சாமிக்கு என்ன நேந்தா? இவள எதுக்குக் கெடக்கப் போட்டே?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே குரலை இறக்கினார். "ஒங்க மாமி கிண்டுன சுறா எனக்குள்ள போயி, ஊரச் சுத்தி ஒம் புள்ளைக்கு வருது. நேரா குடுத்தா கொறஞ்சா போயிருவே? சரி, போ. நான் இருக்கம்லா. ரெண்டு புள்ளைக்கும் இருக்கு. நீ ஒன் நேர்ச்சய முடி."

அன்றிலிருந்து மூன்று நாள் அக்காதான் என் மகளுக்குப் பால் கொடுத்தார். மாமி வெளியே போனதும் நான் பிள்ளையைச் சுவருக்கு மேலாகக் கொடுப்பேன். முன்பு தட்டு போன வழியில் இப்போது பிள்ளை போனது. இரண்டாம் நாளே பிள்ளை கண்ணைத் திறந்தது, வயிற்றுப்போக்கு நின்றது. எனக்கு எல்லாமே கைகூடிவிட்டது. பிள்ளைக்குப் பசி இல்லை, நேர்ச்சைக்குப் பங்கமில்லை. இதைவிட நல்ல வழி யாருக்குக் கிடைக்கும்? ஆண்டவரே திறந்த வழி என்று நன்றி சொல்லிச் செபித்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பிள்ளை என் மடியில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா தன் பையனைக் கொஞ்சுகிற குரல் கேட்டது. என் மகள் அந்தக் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பி வாயைத் திறந்தாள். நான் அவள் முகத்தை என் பக்கம் திருப்பினேன். அவள் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் குசினிக்குப் போனேன். மத்தியானம் மாமி கிளறிய புட்டு சட்டியில் மிச்சம் இருந்தது. நின்றபடியே, சட்டியிலிருந்தே, கையால் அள்ளித் தின்றேன். சிலுவை அடையாளம் போடவில்லை. ஆறிப்போய் இறுகியிருந்தது. தொண்டையை அடைத்தது. விழுங்கிவிட்டு அடுத்த வாய் அள்ளினேன். அது என் நோன்பின் இருபத்துமூன்றாம் நாள். அந்த நேரத்தில் என் பிள்ளை அக்காவிடம் குடித்த பாலில் வயிறு நிறைந்து கிடந்தாள். அதனால்தான் இந்தக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது.

நிமிர்ந்தால் வாசலில் மாமி. கோயிலிலிருந்து வந்தவர், தலையில் முக்காடு இன்னும் இருந்தது.

"மெல்லத் தின்னு. ஒங்கிட்ட இருந்து யாரு பறிக்கா?" என்று ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றார். "நீ அவளுக்குக் குடுக்கேன்னு தெரியும். அந்தப் பய கொழுகொழுன்னு வாரத நான் பாக்கலையா? கைப்புள்ளக்காரிதானே, குடுக்கட்டும்னு ரெண்டு பேருக்குச் சேத்துத்தான் கிண்டுனேன். நீ ரெண்டு பங்கையும் அவளுக்கே குடுத்துட்டியேளா."

அழுகை அப்போதுதான் வந்தது, அதோடு நேர்ச்சையும் வெளியே வந்தது. மாமி என்னை அணைத்துக்கொள்ளவில்லை, அது அவர் வழக்கமில்லை. சட்டியைச் சுரண்டி மிச்சத்தையும் என் தட்டில் வைத்தார்.

நாலைந்து நாளில் பால் ஊறியது. முதலில் பிள்ளை சந்தேகப்பட்டுத்தான் வாய் வைத்தது. பிறகு பழகிக்கொண்டது. அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நேர்ச்சை, பொய், பிள்ளை இளைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை தேறிவிட்டதா என்று கேட்டார் சாமியார். தேறிவிட்டது என்றேன். பிள்ளைக்குக் கேடு வருகிற நேர்ச்சை ஒருபோதும் கட்டாது, மிச்ச நாளுக்கு ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை சொன்னால் போதும் என்றார். அதோடு எழுந்து வந்திருக்கலாம். நான் அந்தப் பொறாமையையும் சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் சொன்னார்:

"மகளே, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளிடம் எந்த நினைப்போடு கொடுத்தாய் என்று பிள்ளை கேட்காது. நீ ஆண்டவரைப் பார்ப்பதைவிட உன்னையே அதிக நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாய்."

அது சரிதான். ஆனாலும் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். என்ன செய்ய?

பாஸ்கு வந்தது. அன்று காலை நாங்கள் பூசையில் இருந்த நேரத்தில் கொழும்பில் குண்டு விழுந்தது என்று பிறகு தெரிந்தது. துறைமுகத்திலேயே விழுந்ததாம். தெருவில் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு அழக்கூட வரவில்லை. பதினேழு நாள் மிச்சம் வைத்தேனே, அந்தப் பதினேழு நாள்தான் இது என்று தோன்றியது. மாமியிடம் சொல்லவில்லை. பட்டினி கிடக்கவும் எனக்கு இடமில்லை. தட்டில் வைத்ததைத் தின்றேன், பால் கொடுத்தேன், செபமாலை சொன்னேன். கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாமல் செபிப்பது அதுதான் எனக்கு முதல் தடவை. அதைவிடத் தனியாக நான் என்றும் இருந்ததில்லை.

வைகாசி பிறந்த பிறகு அவர் வந்தார். திரும்ப ஏற்றச் சரக்குக் கிடைக்காமல் கொழும்பிலேயே கிடந்த தோணி, துறைமுகத்துக்குத் தள்ளி நின்றதால் தப்பித்தது. இவர் மட்டும் அன்று கரையில் இறங்கியிருந்தார். பக்கத்தில் விழுந்த சத்தத்தில் இடது காது போய்விட்டது. வேறு காயம் இல்லை. எப்படி இருந்தீர்கள், சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று மாமி கேட்டார். "எனக்கென்னம்மா கொறச்சல்? கடையில மூணு வேளையும் ஆப்பமும் மீனும்" என்றார். மாமி என் பக்கம் திரும்பவில்லை. நான் சிரித்தேன். சிரிப்பு நிற்க மாட்டேன் என்றது.

அந்த நேர்ச்சையைப் பற்றி அவரிடம் ஒரே ஒரு முறை சொன்னேன். முற்றத்தில் உட்கார்ந்து பாய்த்துணி தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது பக்கம் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் நிமிர்ந்து, "நூல் இருக்கா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் மகளுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. போன மாதம் முதல் தடவையாக நற்கருணை உட்கொண்டு புதுநன்மை வாங்கினாள். அடுத்த வாரம் விபூதிப் புதன். அவள் அப்பா நாளை மறுநாள் கொழும்புக்குப் புறப்படுகிறார். நேற்று பள்ளியிலிருந்து வந்தவள் குசினி வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, அப்பா நல்லபடியா வரணும்னு நான் பாஸ்கு வரைக்கும் மீனு திங்க மாட்டேன். சேசுவுக்கு நேந்துக்கிடட்டுமா?" என்றாள். இப்படி ஒன்று நடந்ததே அவளுக்குத் தெரியாது. மாமி சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். கரண்டி நின்றது.

வேண்டாம் என்றால், ஒரு பிள்ளை அன்போடு கொண்டுவருவதைத் தட்டிவிட்டவளாவேன். நோன்பு தப்பு என்று நான் நினைக்கவே இல்லை. அந்த முதல் வாரத்தில் எனக்குக் கிடைத்த செபம் பொய் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். சரி என்றால், அப்பா வருவதும் வராததும் தன் தட்டில் இருக்கிறது என்று அவளும் நம்பத் தொடங்குவாளே. அந்தப் பாரத்தோடு எப்படி இருக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எதற்காகச் சாப்பிட்டேன் என்றே தெரியாத நான் அவளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பேன்?

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இதை வாசிக்கிற தாய்மார்களே, பிள்ளைகளோடு தபசுக்காலம் கழித்தவர்களே, உங்கள் பிள்ளை இப்படி வந்து கேட்டபோது என்ன சொன்னீர்கள்? பேரம் பேசாமல் கொடுப்பது எப்படி என்று ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எனக்குச் சொல்லுங்கள்.